உம் கொட்டிய மென்பொருள்

மென்பொருளுக்கு ‘அசையாது’ என்று பெயர் வைத்தவர் டைரக்டர்தான். தகவலை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கிற டேட்டாபேஸ் அது. வானமே இடிந்து விழுந்தாலும் உள்ளே வைத்தது அசையாது என்று பொருளாம். பெயர்சூட்டு விழாவில் ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். விரலில் ஒட்டிய க்ரீமைத் துடைப்பதற்குள் முதல் புகார் வந்துவிட்டது. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அத்தனை கம்ப்யூட்டர் திரையும் ஒரே நேரத்தில் நின்றுபோயின.

“பேருக்கேத்த மாதிரி அசையவே மாட்டேங்குதுங்க” என்றது போனில் ஒரு பெண் குரல்.

ஸ்பீக்கரில் வந்த அந்தக் குரலை அறையில் ஒருவனுக்கு மட்டும் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவனை எழுப்புகிற குரல். அவன் மனைவி. ஒரு டாக்டரம்மா நடத்துகிற அந்த நிலையத்தில் கவுண்டருக்கே தலைவி. வீட்டில் சொன்னால் காரியம் ஆகாது என்று ஆபீஸ் நம்பருக்கே போட்டுவிட்டாள்.

அவனை ஆபீசில் நூல் என்பார்கள். டேட்டாபேஸுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் ஓடும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் த்ரெட் என்று பெயர். அவை ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது இவன் பொறுப்பு. ஆளும் ஒல்லி. இரண்டு காரணமும் சேர்ந்து பெயர் நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர் இருந்தது. அதைப் பார்த்தால் யாரோ ஒருவருடைய சம்பளம் தவறிப்போய்த் தன் கணக்கில் விழுகிற மாதிரி அவனுக்கே தோன்றும்.

அன்று சாயங்காலம் மனைவி விஷயத்தை நேரிலேயே சொன்னாள். “டாக்டரம்மா இன்னைக்கு என்னைக் கூப்பிட்டு உட்கார வச்சு சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை ஒரு ஃபேக்டரி ஆளுங்க மொத்தமா டெஸ்டுக்கு வர்றாங்க. அவங்க முன்னாடி ஸ்க்ரீன் செத்துச்சுன்னா உங்க சாஃப்ட்வேர் வெளிய. அதை சிபாரிசு பண்ணவ கீழ்த்தளத்துக்குப் போய் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டணும். நான் அந்தக் கீழ்த்தளத்துலேர்ந்து மேல வர எவ்ளோ வருஷம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

“ம்” என்றான் நூல்.

இந்த முறை அவன் நிஜமாகவே கேட்டான். ஆனால் வெளியே வந்தது அந்த ஒற்றை எழுத்துதான்.

மறுநாள் கூட்டம். டைரக்டர் நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு வலது பக்கம் கட்டம். கட்டம் என்பது தலைமை ஆர்க்கிடெக்டின் பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் போர்டில் கட்டம் போடுவார்; பிறகு கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி போடுவார். அதோடு பிரச்சினை தீர்ந்ததாகக் கைகளைத் தட்டி மார்க்கர் மையை உதறுவார். நிரல் எழுதி அவரை யாரும் பார்த்ததில்லை. ஆபீசில் ஏதாவது கோளாறு என்றால் “எல்லாம் கட்டம் சரியில்லைப்பா” என்று பெருமூச்சு விடுவார்கள். அவர் அதை ஜோசியத்தைப் பற்றிய பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன கோளாறு? சுருக்கமா சொல்லுங்க” என்றார் டைரக்டர்.

“சார், வேலை நடந்துட்டு இருக்கும்போது இன்டரப்ட் வருது. உடனே ஃபைல் மூடிக்குது” என்றான் நூல்.

“மூடத்தானே செய்யும்? வேலை செய்றவங்களை நடுவுல இன்டரப்ட் பண்ணா நானே ஃபைலை மூடிட்டு எழுந்து போயிடுவேன். யாரு பண்றா?” டைரக்டர் வரிசையாக எல்லா முகத்தையும் பார்த்தார். கடைசியில் இருந்த டெஸ்டிங் பெண் காரணமில்லாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஆளுங்க இல்ல சார். த்ரெட்டு.”

“த்ரெட்னா நீங்கதானே, நூலு?”

கூட்டம் சிரித்தது. நூலும் சிரித்துவைத்தான். சிரிக்காவிட்டால் இன்னொரு முறை விளக்கச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். ஆனாலும் மனைவியின் கீழ்த்தளம் கண்ணில் வந்து நின்றதால் வாயைத் திறந்தான்.

“சார், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புன்னு வச்சுக்குங்க. எல்லா வீட்டுக்கும் சேர்த்து தண்ணி வர்றது ஒரே மெயின் வால்வுல; அதுதான் நம்ம ஃபைல். ஒரு வீட்டுக்காரர் குளிச்சிட்டு இருக்காரு. ‘போதும், வெளிய வாங்க’ன்னு யாரோ கதவைத் தட்டுறாங்க. அந்தத் தட்டுறதுக்குப் பேருதான் இன்டரப்ட். அந்த மனுஷன் தன் குழாயை மூடிட்டு வந்தா பரவாயில்ல. இவரு மெயின் வால்வையே மூடிட்டு வர்றாரு. மத்த வீட்டுல சோப்பு போட்டவன் போட்டபடி நிக்கிறான்.”

டைரக்டர் நோட்டில் ‘வால்வு’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

“நம்ம ஆபீஸ் பில்டிங்ல வால்வு எங்க இருக்கு?” என்றார் டைரக்டர்.

அன்று மதியமே சுற்றறிக்கை வந்தது. அந்த வாரம் ‘குறுக்கீடில்லா வாரம்’. ஒவ்வொரு மேசையிலும் கையகலச் சிவப்புக் கொடி. கொடி ஏறியிருந்தால் அவரை யாரும் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது, பக்கத்தில் நின்று தொண்டையைக் கனைக்கவும் கூடாது. எல்லோரும் கொடியை ஏற்றிவிட்டார்கள். டீ கொண்டு வந்தவர் வாசலில் நின்று சிவப்புக் காட்டைப் பார்த்தார். கெட்டிலோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

கட்டம் சும்மா இருக்கவில்லை. போர்டில் பெரிய கட்டம் ஒன்று போட்டு அதற்கு ‘உள்வாங்கும் அடுக்கு’ என்று பெயரிட்டார். “இன்டரப்ட் வரட்டும். நாம தடுக்க வேணாம். வந்ததும் பிடிச்சு, உள்ளேயே வச்சு ஜீரணிச்சிடணும். வெளிய ஒரு ஏப்பம்கூட வரக் கூடாது.”

அந்த அடுக்கு நிரலில் இரண்டே வளைவு அடைப்புக்குறிகளாக வந்து சேர்ந்தது. ஒன்று திறக்கும், அடுத்தது மூடும். கட்டம் சொல்லச் சொல்ல நூல்தான் தட்டச்சு செய்தான்.

“சார், நடுவுல ஒண்ணுமே இல்லையே?” என்று கேட்டாள் டெஸ்டிங் பெண். அவளுக்குச் சல்லடை என்று பெயர். எதைக் கொடுத்தாலும் சலித்துப் பார்த்து உமியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

“அதாம்மா அதோட அழகு” என்றார் கட்டம்.

சல்லடை அதையும் சலித்தாள். அரை மணி நேரத்தில் தன் கொடியை இறக்கி, நூலின் கொடியையும் இறக்கிவிட்டு வந்து நின்றாள். “அண்ணே, முன்னாடி ஸ்க்ரீன் சாகும்போது ஏன் செத்தேன்னு ஒரு வரியாவது எழுதிட்டு செத்துச்சு. இப்போ மூச்சுக் காட்டாம சாகுது. அதுவும் போக, நிறுத்துன்னா நிக்கவும் மாட்டேங்குது. நான் இன்டரப்ட் அனுப்புறேன், அது பாட்டுக்குக் கொஞ்ச தூரம் ஓடுது, அப்புறம் ஃபைல் மூடியிருக்குன்னு முட்டிக்கிட்டு விழுது.”

“நீ அனுப்புற சரி. லேப்ல யாரு அனுப்புறா?”

அங்கேதான் நூலுக்குத் தலை சுற்றியது. ‘அசையாது’வின் நிரல் முழுவதையும் தேடிப் பார்த்துவிட்டான். எந்த இடத்திலும் அவர்கள் இன்டரப்ட் அனுப்பவில்லை. அனுப்பாத தட்டல் எங்கிருந்து வருகிறது? லேபின் திரைகளில் ஓடுகிற பக்கங்களைச் செய்து கொடுத்தவர்கள் வேறு யாரோ. அவர்களைக் கேட்கலாம் என்றால், வெளியாட்களோடு பேச டைரக்டரின் அனுமதி வேண்டும். டைரக்டர் அறைக்கு வெளியே இரண்டு கொடி பறந்தது.

மந்திரித்து விட்டவன் மாதிரி வீட்டுக்கு வந்தான். மனைவி துணி மடித்துக்கொண்டே பேசினாள்.

“இன்னைக்கும் நின்னு போச்சு. ஒருத்தரோட பேரைத் தப்பா அடிச்சிட்டேன். அது பாட்டுக்கு ஊருல இருக்கிறவங்க பேரையெல்லாம் தேடிட்டே இருந்துச்சா, கியூ வேற நீளமா நிக்குது, சரின்னு நான் அந்த நிறுத்து பொத்தானை...”

“ம்” என்றான் நூல். அவன் மனம் அடைப்புக் குறிகளுக்குள் இருந்தது.

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். “நாளைக்கு நான் டாக்டரம்மாவையே கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்.”

“ம். பண்ணு.”

“நீங்க வந்து சாட்சிக் கையெழுத்து போடணும்.”

“சரிம்மா, திங்கட்கிழமை முடியட்டும்.”

அவள் அவனுடைய சட்டைகளை மட்டும் மடிக்காமல் நாற்காலியில் குவித்துவிட்டு உள்ளே போனாள். அவற்றைப் பார்த்தபோதும் அவனுக்கு ஒன்றும் உறைக்கவில்லை. இன்று நிறைய துணி போலிருக்கிறது என்று நினைத்தான்.

சனிக்கிழமை காலையில் வேறு வழி தோன்றாமல் லேபுக்கே கிளம்பினான். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு மனிதர்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாலு பெண்கள், நாலு திரை. ஓரத்தில் அவன் மனைவி. அவனைப் பார்த்ததும் அவள் புருவம் உயர்ந்தது. ஆனாலும் முன்னால் நின்ற பெரியவரை விட்டுவிட்டுப் பேசவில்லை.

பெரியவர் பெயரைச் சொன்னார். அவள் தட்டினாள். தேடல் ஓடத் தொடங்கியது.

“இல்லம்மா, அது என் பேரு. டெஸ்டு என் தம்பிக்கு.”

“சரிங்கய்யா” என்று அவள் திரையின் மூலையிலிருந்த ‘நிறுத்து’வை அமுக்கினாள்.

நாலு திரையும் பொட்டென்று நின்றன. மற்ற மூன்று பெண்களும் திரையைப் பார்க்கவில்லை. ஒரே வீச்சில் அவள் பக்கம் திரும்பினார்கள். “அக்கா! மறுபடியும் அமுக்கிட்டீங்களா?”

நூல் கண்ணாடித் தடுப்பின் ஓட்டையில் வாயை வைத்தான். “நீயா? நீயா அனுப்புற?”

“என்னத்த அனுப்புறேன்?”

“இன்டரப்ட்டு!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் நிறுத்து பொத்தானை அமுக்குறேன், எல்லாம் சாகுது. எத்தனை தடவை உங்ககிட்ட சொன்னேன்? நீங்களும் எத்தனை தடவை ‘ம்’னீங்க?”

“நீ சொல்லவே இல்லியே.”

மூன்று பெண்களும் இப்போது அவன் பக்கம் திரும்பினார்கள். பஞ்சு பிடித்த கைகளோடு வரிசையும் திரும்பியது. தம்பிக்காக வந்த பெரியவர் அனுதாபமாகத் தலையை ஆட்டினார். யாருக்கு அனுதாபம் என்று தெரியவில்லை.

மனைவி குரலைத் தாழ்த்தினாள். குரல் தாழ்ந்தால்தான் ஆபத்து என்பது அவன் அனுபவம். “நான் ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. இந்த ‘ம்’னா என்ன அர்த்தம்? கேட்டுச்சுன்னு அர்த்தமா? செய்றேன்னு அர்த்தமா? அப்புறம் பாக்கலாம்னா? இல்ல, போடீன்னா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு விளங்கல. நான் ‘நிறுத்துங்க’ன்னா நிறுத்தவும் மாட்டீங்க, ‘மாட்டேன்’னும் சொல்ல மாட்டீங்க. ‘ம்’. நான் சொன்னது எங்க போச்சுன்னே தெரியாது.”

நூல் பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவர் இவனுக்கும் ரத்தம் எடுத்தாயிற்று போல என்று நினைத்து ஒரு பஞ்சை நீட்டினார். வாங்கிக்கொண்டான். திறக்கும் அடைப்பு ஒன்று, மூடும் அடைப்பு ஒன்று, நடுவில் ஒன்றுமில்லை. கூப்பிட்டவருக்குப் பதிலும் இல்லை, கூப்பிட்டது நினைவிலும் இல்லை. கட்டம் உள்வாங்கும் அடுக்கு என்று பெயர் வைத்தது வேறொன்றுமில்லை, உம் கொட்டுவது. அதைத் தட்டச்சு செய்தபோது தன் விரலுக்கு அது அவ்வளவு பழக்கமாக வந்தது ஏன் என்றும் இப்போது புரிந்தது.

மதியம் ஆபீசில் நூலும் சல்லடையும் மட்டும். அவன் கொடியை மேசை டிராயருக்குள் போட்டான்.

“இனி ‘ம்’ கிடையாது” என்றான். “யாராவது கூப்பிட்டா, கூப்பிட்டாங்கன்னு ஞாபகம் வச்சுக்கணும். கையில எழுதிட்டு இருக்கிற பக்கத்தை அரைகுறையா விடாம முடிக்கணும். மூடின ஃபைலைத் திறந்து வச்சுட்டு, வெளிய போகும்போது ‘கூப்பிட்டீங்க, வந்துட்டேன்’னு சொல்லணும்.”

எழுதினான். ஓட்டினாள். ஃபைல் திறந்தது, மூடிக்கொண்டது, திறந்தது, மூடிக்கொண்டது. நிற்கவே இல்லை.

“பேய் பிடிச்ச கதவு மாதிரி அடிச்சுக்குது அண்ணே.”

நூல் தலையைப் பிடித்துக்கொண்டான். நேற்று வரை மூடியது ஏன் என்று குழம்பினான். இன்று திறந்தது ஏன் மூடுகிறது என்று குழப்பம். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்களோ என்னவோ.

சல்லடை அவன் டிராயரிலிருந்து துருத்திக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தாள். “அண்ணே, இன்டரப்ட் வந்தா அந்த த்ரெட்டுல ஒரு கொடி ஏறும்னு சொல்வீங்களே? அதை இறக்கினோமா?”

“இல்ல.”

“கொடி ஏறினபடியே ஃபைலைத் திறக்கப் போனா, ‘ஓ, இவனை யாரோ கூப்பிடுறாங்க’ன்னு மறுபடி மூடத்தானே செய்யும்?”

“அப்போ முதல்ல கொடியை இறக்கு!” என்று கத்தினான் நூல்.

பின்னால் கதவு திறந்தது. டைரக்டர் நின்றார். சனிக்கிழமையும் உழைக்கிறவர்களைக் கண்டு மனம் குளிரலாம் என்று வந்தவர். “கொடியை இறக்கணுமா? என் திட்டத்தையே எதிர்க்கிறீங்களா?”

“சார், இது வேற கொடி. நம்ம கொடி ஏறினா யாரும் கூப்பிடக் கூடாதுன்னு அர்த்தம். த்ரெட்டோட கொடி ஏறினா யாரோ கூப்பிட்டாச்சுன்னு அர்த்தம்.”

“ஒரே ஆபீசுல ரெண்டு கொடிக்கு ரெண்டு அர்த்தமா?” என்றார் டைரக்டர். அந்த ஒரு கேள்வியில் மட்டும் நியாயம் இருந்தது. குழப்பத்தோடு வந்தவர் இன்னும் கொஞ்சம் குழப்பத்தை வாங்கிக்கொண்டு போனார்.

கொடியை இறக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது போல ஓர் இடத்தில் குறித்துவைத்தார்கள். ஃபைல் திறந்தது. ஆனால் மெயின் வால்வு மூடியதால் சோப்போடு நின்ற மற்ற த்ரெட்டுகள் எல்லாம் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் திறக்கப் பார்த்தன. ‘நான் திறக்கிறேன், நீ நகரு’ என்று ஒரே தள்ளுமுள்ளு. ஒருவர்தான் திறக்க வேண்டும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்று வரிசையில் நிற்கவைக்க ஞாயிற்றுக்கிழமையும் போயிற்று. வேலை முடிந்து வெளியேறும் வாசலில், பையிலிருந்த கொடியை எடுத்து மறுபடி ஏற்றினார்கள். தன் குரல் கேட்டது என்று கூப்பிட்டவருக்கு அப்போதுதான் தெரியும்.

கடைசியாக ஒரு சிக்கல். நிறுத்தியதும் திரையில் என்ன வாசகம் வர வேண்டும்? கட்டம் போனில், “‘வெளிப்புறக் குறுக்கீட்டு நிகழ்வின் விளைவாகச் செயலாக்கம் இடைநிறுத்தப்பெற்றது’ன்னு போடுங்க. கம்பீரமா இருக்கும்” என்றார்.

நூல் கவனமாக, “ம்” என்றான். அப்படியே போனை வைத்தான். பிறகு தனக்குத் தோன்றியதை எழுதினான்.

திங்கட்கிழமை ஃபேக்டரிக்காரர்கள் சீருடையோடு வந்து இறங்கினார்கள். வரிசை படி வரை நின்றது. டாக்டரம்மா கைகளைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நின்றார். டைரக்டரும் கட்டமும் வந்திருந்தார்கள். ‘எது வந்தாலும் அசையாது’ என்ற பேனரைக் கட்ட இடம் தேடி, கடைசியில் கழிப்பறைக் கதவுக்கு மேல் கட்டினார்கள்.

மனைவி விசைப்பலகையை நேராக்கி வைத்தாள். நூல் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

ஒரு தொழிலாளி முழுப்பெயரைச் சொல்லாமல் வெறும் செல்லப்பெயரைச் சொன்னார். தேடல் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் டாக்டரம்மாவை ஒருமுறை பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ‘நிறுத்து’வை அமுக்கினாள்.

மூன்று பெண்களும் பழக்க தோஷத்தில் அவள் பக்கம் திரும்பினார்கள். “அக்கா...” என்று தொடங்கிய ஒருத்தி தன் திரையைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கினாள். மூன்று திரையும் ஓடிக்கொண்டிருந்தன. லேபிள் பிரிண்டர் தன் பாட்டுக்குக் கிர்ரென்றது. நாலாவது திரையில் மட்டும் தேடல் நின்று, ஒரு வரி இருந்தது.

‘நீங்கள் கூப்பிட்டது கேட்டது. நிறுத்திவிட்டேன்.’

மனைவி அதை இரண்டு முறை படித்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தேடினாள். நூல் பேனரைப் படிப்பது போலக் கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா கட்டிய கைகளைப் பிரித்தார். “லைன் நீளமா இருக்கு, நீயே நாலாவது கவுண்டரைப் பாத்துக்க. கீழ்த்தளத்துக்கு வேற யாரையாவது அனுப்பலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கவுண்டரில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மனைவி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“பாத்தீங்களா?” என்றார் டைரக்டர் கட்டத்திடம். “எல்லாம் சிவப்புக் கொடியோட மகிமை. இனி வருஷம் பூராவும் குறுக்கீடில்லா வாரம்தான்.” கட்டம் பாக்கெட்டிலிருந்து மார்க்கரை எடுத்து, போர்டு எங்காவது இருக்கிறதா என்று சுவர்களைப் பார்த்தார்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் மனைவி, பக்கத்தில் நூல். “அந்த வரியை எழுதினது நீங்கதானே?” என்று கேட்டாள். “ரொம்ப மரியாதையா இருந்துச்சு.” பிறகு வெளியே பார்த்துக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினாள். வீட்டைப் பற்றி, அவள் அக்காவைப் பற்றி, ஒரு தேதியைப் பற்றி. நூலின் மனம் நழுவி வேறெங்கோ போயிற்று. ஒரே த்ரெட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் கூப்பிட்டால் என்ன ஆகும்? பையில் ஒரு கொடிக்குத்தானே இடம் இருக்கிறது?

அவள் நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். வாயருகே ‘ம்’ வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அதைத் தடுத்தான். இனி அந்த எழுத்து இல்லை.

“கேட்டது” என்றான் தெளிவாக. “நிறுத்திட்டேன்.”

“எதை?” என்றாள் அவள்.

நூல் யோசித்தான். பஸ் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிய பிறகும் யோசித்துக்கொண்டிருந்தான்.